கடைப் பார்சல் சைனீஸ், வீட்டு அடுப்பில்: டெல்டாக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனாலும் சாயங்காலம் ஃபாஸ்ட் ஃபுட் வண்டியில் கரண்டி சட்டியில் தட்டும் சத்தம் கேட்கும். அந்த முட்டை ரைஸ், நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன், சில்லி சிக்கன் வகையறாவைப் பாக்கெட் மசாலா இல்லாமல் வீட்டிலேயே செய்துபார்க்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. நம் பக்கத்து மளிகைக் கடையிலும் மார்க்கெட்டிலும் கிடைப்பதை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

எல்லாச் சாஸும் வாங்கி ஊற்றியும் கடை ருசி வரவில்லை. அவர்கள் வேறு என்னதான் போடுகிறார்கள்?

பொருளில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. வண்டிக்காரர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் டப்பாக்களைப் பாருங்கள்: உப்பு, வெள்ளை மிளகுத்தூள், அஜினோமோட்டோ, சோயா சாஸ், சில்லி சாஸ், வினிகர். நீங்களும் அதைத்தான் போட்டிருப்பீர்கள். வித்தியாசம் இரண்டே இடத்தில். ஒன்று சூடு, இன்னொன்று ஈரம்.

அவருடைய அடுப்பு வீட்டு அடுப்பைப்போலப் பல மடங்கு சூடு தரும். காய் சட்டியில் விழுந்த நொடியில் அதிலிருந்து கசியும் தண்ணீர் ஆவியாகிவிடுகிறது. தண்ணீர் போன பிறகுதான் காயின் விளிம்பு சிவக்கும், அரிசி எண்ணெயில் வறுபடும், லேசாகப் புகைந்த வாசனை ஏறும். வீட்டில் நான்கு பேருக்கான சாதத்தையும் காயையும் ஒரே சட்டியில் கொட்டுகிறோம். சட்டியின் சூடு சட்டென்று இறங்கிவிடும். காய் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரில் எல்லாம் வேகும். கடைசியில் கிடைப்பது சோயா சாஸ் ஊற்றிய காய்கறிச் சாதம்.

அடுப்பை மாற்ற முடியாது, அளவை மாற்றலாம். ஒரு ஈட்டுக்கு ஒருவர் சாப்பிடும் அளவு, மிஞ்சிப்போனால் இரண்டு பேருக்கு. சட்டியில் பாதிக்கு மேல் நிரம்பவே கூடாது. காயைக் கழுவி நறுக்கித் துணியில் பரப்பி ஈரம் போக்கிவிடுங்கள். சாதம் ஆறி உலர்ந்திருக்கட்டும். இந்த மூன்றையும் செய்தால் சாஸ் எந்தக் கம்பெனி என்பது அவ்வளவு முக்கியமில்லை.

அப்படியானால் அந்த ஹை பிரஷர் அடுப்பையே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம். அந்த அடுப்புக்கு ரெகுலேட்டர், டியூப் எல்லாமே வேறு. 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரோடு தருகிற ரெகுலேட்டரும் ரப்பர் டியூபும் குறைந்த அழுத்தத்துக்குச் செய்தவை. மூடிய சமையலறையில் அந்த நெருப்பை வைத்துக்கொண்டு மேலே மர அலமாரியும் பக்கத்தில் ஜன்னல் திரையும் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கொல்லையில் விறகு அடுப்பு இருக்கிற வீடு என்றால் அதைப் பற்றவையுங்கள். நன்றாகத் தணல் பிடித்த விறகு அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்தால் கடைக்காரரே வந்து எட்டிப்பார்ப்பார்.

எந்தச் சட்டி நல்லது? அம்மா கொடுத்த கும்பகோணம் பித்தளைச் சட்டி இருக்கிறது.

அதை எடுக்காதீர்கள். பித்தளைக்கு உள்ளே ஈயம் பூசுகிறோம் என்கிறோமே, அந்தப் பூச்சு வெள்ளீயம். அது 232 டிகிரியிலேயே உருகிவிடும். காலிச் சட்டியைப் புகை வரும்வரை சூடாக்கும் இந்தச் சமையலில் அந்தச் சூட்டைத் தாண்டுவது சுலபம். பூச்சு போன பித்தளையில் வினிகர் பட்டால் தாமிரம் சாப்பாட்டில் இறங்கும். அந்தச் சட்டி அல்வாவுக்கும் பாயசத்துக்கும் இருக்கட்டும்.

நான்ஸ்டிக்கும் ஒத்துவராது. காலியாக வைத்து அதிகம் சூடேற்றினால் பூச்சு கெட்டுப்போகும். சாதாரண இரும்புச் சட்டி போதும். அடி சற்றே தட்டையாக இருந்தால் நம் அடுப்பில் ஆடாமல் நிற்கும். மெல்லிய இரும்பு சீக்கிரம் சூடேறும். கனமான வார்ப்பு இரும்புச் சட்டி சூடேற நேரம் எடுத்தாலும் பிடித்த சூட்டை விடாது. வீட்டு அடுப்புக்கு எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். சாதத்தைக் கொட்டினாலும் அதன் சூடு அவ்வளவு இறங்காது.

புதுச் சட்டி என்றால் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வடித்த கஞ்சியை ஊற்றிவைத்து, பிறகு எண்ணெய் தடவிச் சூடாக்கி ஆறவிட்டு மறுபடி தடவிப் பழக்குங்கள். தோசைக்கல்லுக்குச் செய்வதுதான். பழகிய சட்டியில் வினிகரைக் கடைசியில் ஊற்றி, செய்ததை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். புளிப்பு நின்றால் பழக்கிய பூச்சு கரைந்துவிடும்.

பாசுமதி இல்லாமல் நம் ஊர் அரிசியில் ஃப்ரைட் ரைஸ் வருமா?

வரும். நெல் விளையும் ஊரில் இருந்துகொண்டு இதற்காகப் பாசுமதி வாங்கவேண்டும் என்று யார் சொன்னது? தெற்குச் சீனாவிலும் ஃப்ரைட் ரைஸ் பாசுமதியில் செய்வதில்லை. அதற்காக எல்லா அரிசியும் ஒன்று என்றும் சொல்ல மாட்டேன்.

முதலில் பார்க்கவேண்டியது அரிசியின் வயசு. புது நெல் அரைத்த அரிசி குழையும், ஒட்டும். தை மாசம் பொங்கலுக்குப் பிரமாதமாக இருக்கும் அதே அரிசி ஃப்ரைட் ரைஸுக்குச் சரிப்படாது. ஒரு வருஷம் பழசான அரிசி உதிரியாக வரும். கடையில் ‘பழைய அரிசி’ என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ரகம். டெல்டாவில் நிறையப் பேர் போடும் பி.பி.டி. 5204 சன்ன அரிசி நன்றாக வரும். 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆடுதுறை 43-உம் சன்ன ரகம்தான், பழசாக இருந்தால் குறை சொல்ல முடியாது. வெள்ளைப் பொன்னியும் சரி. பாரம்பரிய ரகத்தில் தூயமல்லிப் பச்சரிசி என் முதல் தேர்வு. மெலிந்த மணி, உடையாமல் நிற்கும். சி.ஆர். 1009 போன்ற மோட்டா ரகம் இட்லிக்குப் போகட்டும்.

புழுங்கலா, பச்சையா என்றால், உதிர்வதற்குப் புழுங்கல் ஒரு படி மேல். நெல்லாக இருக்கும்போதே அவித்துக் காயவைத்ததால் மணி இறுகியிருக்கும், புரட்டினாலும் உடையாது. ஆனால் புழுங்கலுக்கென்று ஒரு வாசனை உண்டு. சிலருக்கு அது ஃப்ரைட் ரைஸில் பிடிக்காது. எனக்குத் தெரிந்து பூண்டு தூக்கலாகப் போட்ட முட்டை ரைஸில் அது யாருக்கும் தெரிந்ததில்லை.

சீரகச் சம்பாவைப் பற்றியும் கேட்பார்கள். அதன் மணம் பிரியாணிக்கென்றே அமைந்தது. அதன்மேல் சோயா சாஸை ஊற்றினால் இரண்டு வாசனையும் சண்டை போடும். விலையும் அதிகம். விட்டுவிடலாம்.

சாதத்தை எப்படி வடிக்க வேண்டும்? குக்கரில் வைக்கலாமா?

வடிப்பதுதான் நல்லது. குக்கரில் கஞ்சி முழுவதும் அரிசியோடு தங்கிவிடும். அரிசியை மூன்று தண்ணீர் கழுவி, பச்சரிசி என்றால் அரை மணி நேரம் ஊறவையுங்கள். நிறையத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது உப்பும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் விட்டு அரிசியைப் போடுங்கள். கடிகாரத்தைப் பார்ப்பதைவிட விரலால் நசுக்கிப் பார்ப்பது மேல். நடுவில் ஊசிமுனை அளவு வேகாமல் இருக்கும்போது வடித்துவிடவேண்டும். மீதி வேக்காடு அதன் சூட்டிலேயே நடக்கும்.

வடித்ததும் அகலமான தட்டிலோ வாழை இலையிலோ மெல்லப் பரப்பி ஃபேனைப் போடுங்கள். ஆவி நின்றதும் மூடி ஃப்ரிட்ஜுக்குள் வைத்து மறுநாள் எடுங்கள். அதற்குள் மணியின் மேல்பகுதி உலர்ந்து இறுகியிருக்கும். அன்றைக்கே வேண்டும் என்றால் ஒரு மணி நேரம் ஃபேன் காற்றில் உலர்த்தினாலும் போதும்.

ராத்திரி முழுக்க மேடையிலேயே வைத்துவிட்டுக் காலையில் வறுப்பது மட்டும் கூடாது. பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா. அதன் வித்து அரிசியிலேயே இருக்கும், வேகவைத்தாலும் சாகாது. வெதுவெதுப்பான சாதத்தில் அது பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு அப்புறம் எவ்வளவு வறுத்தாலும் அழியாது, சாப்பிட்டவருக்கு வாந்தி வரும். நம் ஊர் வெக்கைக்கு இரண்டு மணி நேரம் வெளியே இருந்தாலே அதிகம். ஆறியதும் ஃப்ரிட்ஜ், ஒரு நாளைக்குள் காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாமல் போய்விட்டால் அந்தச் சாதத்தைக் கொட்டிவிடுங்கள்.

பழைய சோற்றைப் பிழிந்து ஃப்ரைட் ரைஸ் போடலாமா?

பழையது தண்ணீரில் ஊறி நன்றாக நனைந்திருக்கும், சட்டியில் போட்டால் கூழாகும். புளிப்பும் சேராது. மோர் ஊற்றி, சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் வைத்துக்கொண்டு சாப்பிடுங்கள்.

சரி, ஒரு முட்டை ரைஸ் சொல்லுங்கள்.

இரண்டு கப் உதிரிச் சாதம், இரண்டு முட்டை, பொடியாக நறுக்கிய ஆறு பல் பூண்டு, ஒரு பச்சை மிளகாய், முட்டைக்கோஸும் கேரட்டும் பீன்ஸும் சேர்ந்து அரைக் கப், கைப்பிடி வெங்காயத்தாள். ஒரு கிண்ணத்தில் ஒன்றரை டீஸ்பூன் சோயா சாஸ், அரை டீஸ்பூன் வினிகர், சிட்டிகை சர்க்கரை கலந்து வையுங்கள். இன்னொன்றில் உப்பும் கால் டீஸ்பூன் மிளகுத்தூளும். எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். பற்றவைத்த பிறகு வெங்காயம் நறுக்க நேரம் இருக்காது.

காலிச் சட்டி லேசாகப் புகைய ஆரம்பித்ததும் ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுச் சட்டியைச் சுழற்றுங்கள். முட்டையை அடித்து ஊற்றினால் உடனே பொங்கி எழும். நான்கு கிளறு, பாதி வெந்ததும் தட்டில் எடுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் எண்ணெய், பூண்டு, மிளகாய், பத்து விநாடி. காயைப் போட்டு ஒரு நிமிஷம். காய் கடிபட வேண்டும். அப்புறம் சாதம். அதைக் கரண்டியால் அமுக்கிப் பரப்பி அரை நிமிஷம் தொடாமல் விடுங்கள். பொறுமை இல்லாதவர்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான், கரண்டியைப் போட்டுக் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். அடியில் படபடவென்று பொரியும் சத்தம் வந்ததும் புரட்டுங்கள், மறுபடி பரப்புங்கள். மூன்று தடவை இப்படி. சாஸ் கலவையைச் சாதத்தின்மேல் ஊற்றாமல் சட்டியின் சூடான ஓரத்தில் சுற்றி ஊற்றுங்கள். அது அங்கேயே சுருண்டு மணம் கிளப்பும். உப்பு, மிளகு, முட்டை, வெங்காயத்தாள், இரண்டு புரட்டு, இறக்கிவிடலாம்.

அடுத்தவருக்கு மறுபடி முதலிலிருந்து. மொத்தம் நான்கைந்து நிமிஷ வேலை என்பதால் அலுக்காது.

சோயா சாஸையும் வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சோயா பீன்ஸையும் கோதுமையையும் ஒரு வகைப் பூஞ்சணத்தால் நொதிக்கவைத்து, உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு எடுப்பது அது. வெல்லத்தைக் கருக்கி, புளி சேர்த்து மாற்று சாஸ் என்பவர்கள் உண்டு. கறுப்பாக இருக்கும், அவ்வளவுதான். பாட்டில் வாங்கும்போது பொருள் பட்டியலில் சோயா பீன்ஸும் கோதுமையும் முன்னால் வருகிறதா என்று பாருங்கள். தண்ணீர், உப்பு, கேரமல் நிறம் என்று ஆரம்பித்தால் அது நிறத்துக்கு மட்டுமே உதவும். டார்க் சோயா ஒரு சொட்டு நிறத்துக்கு, லைட் சோயா ருசிக்கு. இரண்டிலும் உப்பு அதிகம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனம்.

சில்லி சாஸ், ஷெஷ்வான் சாஸ்?

இவற்றைத்தான் வீட்டில் செய்ய வேண்டும். இருபது காஷ்மீரி மிளகாய், காரத்துக்கு ஐந்து நீட்டு மிளகாய். விதையை உதறிவிட்டு வெந்நீரில் அரை மணி ஊறவைத்து விழுதாக அரையுங்கள். கால் கப் எண்ணெயில் இரண்டு மேசைக்கரண்டி பொடிப் பூண்டு, ஒரு மேசைக்கரண்டி பொடி இஞ்சி போட்டு மெல்லிய தீயில் வதக்கி, விழுதைச் சேர்த்து எண்ணெய் மேலே மிதக்கும்வரை கிளறுங்கள். உப்பு, ஒரு ஸ்பூன் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், இரண்டு மேசைக்கரண்டி வினிகர். அதுதான் ஷெஷ்வான். சில்லி சாஸுக்கு இஞ்சியும் சோயாவும் வேண்டாம், கொஞ்சம் தண்ணீர் விட்டு வடிகட்டினால் போதும். இரண்டுமே ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் இருக்கும். எண்ணெயில் ஊறிய பூண்டை வெளியே வைத்துப் பாதுகாப்பது ஆபத்து, ஊறுகாய்தானே என்று அலமாரியில் வைக்காதீர்கள்.

பெயர் சீனாவின் சிச்சுவான் மாகாணத்திலிருந்து வந்ததே தவிர, அங்கே நாக்கை மரத்துப்போகச் செய்யும் ஒரு தனி மிளகு முக்கியம். நம் சாஸில் அது கிடையாது.

அஜினோமோட்டோ விஷமா?

இல்லை. 1908-இல் டோக்கியோவில் கிகுனே இகேடா என்ற வேதியியல் பேராசிரியர் கொம்பு எனும் கடல்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த குளூட்டமேட் அது. தக்காளியிலும் காளானிலும் தாய்ப்பாலிலும்கூட குளூட்டமேட் இருக்கிறது. 1968-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஒரு கடிதத்திலிருந்து, சீனச் சாப்பாட்டால் தலைவலி, படபடப்பு வருகிறது என்ற பேச்சு பரவியது. பிறகு யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்று தெரியாதபடி வைத்து நடத்திய சோதனைகளில், சாப்பாட்டோடு வழக்கமான அளவு எடுப்பவர்களிடம் அது நிலையாகத் தென்படவில்லை. சோடியம் உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான்.

போடவேண்டும் என்று கட்டாயமும் இல்லை. ஒரு தட்டுக்கு இரண்டு சிட்டிகை போதும், அப்போது உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வேண்டாம். எனக்குக் கடைச் சாப்பாட்டில் கவலை அஜினோமோட்டோ அல்ல, திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெய்தான்.

எந்த எண்ணெய்?

சுத்திகரித்த கடலை எண்ணெய். அதிகச் சூட்டைத் தாங்கும், வாசனையும் பொருந்தும். செக்கு எண்ணெய் சீக்கிரம் புகைந்துவிடும் என்பதால் ஷெஷ்வான் சாஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சீனர்கள் கடைசியில் சொட்டுவிடும் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. நம் நல்லெண்ணெய் வறுக்காத எள், அதை ஊற்றினால் புளியோதரை வாசனைதான் வரும். இரண்டு ஸ்பூன் எள்ளைப் பொன்னிறமாக வறுத்து நுணுக்கி, இளஞ்சூடான எண்ணெயில் போட்டு வடிகட்டினால் ஓரளவுக்குச் சமாளிக்கலாம்.

கோபி மஞ்சூரியன் பத்து நிமிஷத்தில் தொளதொளவென்று ஆகிவிடுகிறதே?

மூன்று காரணம் இருக்கலாம், பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

பூ ஈரமாக இருந்திருக்கும். உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் இரண்டு நிமிஷம் வைத்து எடுத்ததும் (புழு இருந்தால் அப்போதே வெளியே வந்துவிடும்) துணியில் கவிழ்த்து அரை மணி நேரம் உலர்த்தவேண்டும்.

மாவில் மைதா அதிகமாகியிருக்கும். ஒரு காலிஃபிளவருக்கு நான்கு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார், மூன்று மைதா, ஒன்று அரிசி மாவு. இஞ்சி பூண்டு விழுது, உப்பு, காஷ்மீரி மிளகாய்த்தூள். பஜ்ஜி மாவைவிடச் சற்றுத் தளர. கார்ன்ஃப்ளார் என்று கேட்டு வெள்ளைவெளேர் என்று இருப்பதை வாங்குங்கள். மில்லில் அரைத்த சோள மாவைக் கொடுத்துவிடுவார்கள், அது இதற்கு ஆகாது.

ஒரு தடவைதான் பொரித்திருப்பீர்கள். முதல் தடவை மிதமான சூட்டில் நான்கு நிமிஷம், பூ வேகும் அளவு. எடுத்துப் பத்து நிமிஷம் ஆறவிடுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் மேலோட்டுக்கு வரும். பிறகு எண்ணெயை நன்றாகக் காயவிட்டு ஒரு நிமிஷம் மறுபடி. இரண்டாவது பொரிப்பில்தான் ஓடு கெட்டிப்படும்.

சாஸ்: சூடான எண்ணெயில் இரண்டு மேசைக்கரண்டி பொடிப் பூண்டு, ஒரு மேசைக்கரண்டி இஞ்சி, பச்சை மிளகாய், சதுரமாக வெட்டிய வெங்காயம், குடைமிளகாய். ஒரு மேசைக்கரண்டி சோயா, ஒன்று சில்லி சாஸ், இரண்டு தக்காளிக் கெச்சப், கொஞ்சம் மிளகுத்தூள். கால் கப் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளார் கரைத்து ஊற்றி, பளபளப்பு வந்ததும் ஒரு டீஸ்பூன் வினிகர். அடுப்பை அணைத்துவிட்டுக் கோபியைப் போட்டுப் புரட்டுங்கள். ட்ரை என்றால் தண்ணீரைப் பாதியாக்குங்கள். கிரேவி வேண்டும் என்றால் சாஸைத் தனியாக வைத்து, சாப்பிட உட்கார்ந்த பிறகு ஊற்றுங்கள்.

கடையில் வரும் அந்தச் சிவப்பு?

அது கலர் பொடி. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடை செய்தது. அதற்கு முந்தைய மாதம்தான் தமிழ்நாட்டில் ரோடமைன்-பி சாயம் கண்டுபிடிக்கப்பட்டுப் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது, அது துணிக்குப் போடும் சாயம். வீட்டில் காஷ்மீரி மிளகாய்த்தூள் தரும் சிவப்பு போதும்.

காலிஃபிளவர் சீசன் இல்லாதபோது?

வாழைப்பூ. திருவையாறு பக்கம் வாழைக்குப் பஞ்சமா? நரம்பும் செதிலும் எடுத்து, மோர் கலந்த தண்ணீரில் போட்டு, இரண்டு நிமிஷம் வேகவைத்து நன்றாகப் பிழிந்து, அதே மாவில் இரண்டு மூன்று பூக்களாகச் சேர்த்துப் பொரியுங்கள். லேசான துவர்ப்பு அந்த இனிப்புப் புளிப்புச் சாஸில் கோபியைவிட எடுப்பாக இருக்கும். காளானும் சரி. மீல்மேக்கர் என்றால் ஊறவைத்துப் பிழிந்து பிழிந்து கை ஓய்ந்துவிடும்.

சில்லி சிக்கன் ரப்பர் மாதிரி வருகிறது. இறாலும் அப்படித்தான்.

கோழியில் நெஞ்சுக் கறியை விட்டுத் தொடைக் கறியை எலும்பில்லாமல் கேளுங்கள். கால் கிலோவுக்கு ஒரு முட்டை வெள்ளை, ஒரு மேசைக்கரண்டி சோயா, இரண்டு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார், மிளகு, ஒரு ஸ்பூன் எண்ணெய் போட்டுப் பிசறி அரை மணி வையுங்கள். இந்தப் பூச்சு கறியின் சாற்றை உள்ளேயே நிறுத்தும். வெந்ததா என்று சந்தேகம் வந்தால் ஒரு துண்டை வெட்டிப் பாருங்கள், நடுவில் சிவப்பு இருக்கக் கூடாது. அதற்குமேல் ஒரு நிமிஷம்கூடப் போகாதீர்கள்.

இறால் விஷயத்தில் நமக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. நாகப்பட்டினம், முத்துப்பேட்டை, மல்லிப்பட்டினம் என்று கரை நெடுகக் கிடைக்கிறது. நடுத்தர அளவு வாங்கி முதுகுக் குடலை எடுத்து, கால் கிலோவுக்கு அரை டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் சமையல் சோடா போட்டுப் பிசறி இருபது நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைத்துக் கழுவித் துடையுங்கள். கடித்தால் நறுக்கென்று இருக்கும். பிறகு கார்ன்ஃப்ளாரில் புரட்டி, நல்ல சூட்டில் ஒன்றரை நிமிஷம். இறால் ‘ப’ மாதிரி வளையும்போதே எடுத்துவிடவேண்டும், முழு வட்டமாகச் சுருண்டால் நேரம் தாண்டிவிட்டது. மீன் என்றால் கொடுவா. முள் நிறைந்த கெண்டையில் முயற்சி செய்யாதீர்கள்.

நூடுல்ஸ் மாவு பிசைந்தே செய்யலாமா?

பரோட்டா மாவு பிசையும் வீட்டில் இது பெரிய வேலை இல்லை. 200 கிராம் மைதா, இரண்டு முட்டை, அரை டீஸ்பூன் உப்பு. தண்ணீர் விடத் தோன்றும், விடாதீர்கள். பிசையப் பிசைய இளகும். அரை மணி மூடிவைத்து, கார்ன்ஃப்ளார் தூவி மெல்லியதாகத் தேய்த்து, மடித்துக் கத்தியால் மெல்லிய பட்டையாக வெட்டி உதறுங்கள். கொதிநீரில் இரண்டு நிமிஷம், குளிர்ந்த தண்ணீரில் அலசல், எண்ணெய் தடவிப் பரப்பி ஆறவிடல். அப்புறம் முட்டை ரைஸுக்குச் சொன்ன அதே முறைதான், அமுக்குவது மட்டும் வேண்டாம்.

இதைவிடச் சுருக்கமான வழி வீட்டிலேயே இருக்கிறது: சேவை. புழுங்கலரிசிச் சேவையைக் காலையில் பிழிந்து ஆறவைத்து, சாயங்காலம் சிறு துண்டாக உதிர்த்து, முட்டைக்கோஸ், குடைமிளகாய், மஞ்சள்பொடி, மிளகு, சொட்டு சோயாவோடு புரட்டுங்கள். சிங்கப்பூர் நூடுல்ஸ் என்று ஹோட்டல் மெனுவில் வருவது அரிசி நூடுல்ஸில் மஞ்சள் நிறமாகச் செய்வதுதான். எலுமிச்சைச் சேவையும் தேங்காய்ச் சேவையும் மட்டுமே தெரிந்த சேவை நாழிக்கு இப்படியும் ஒரு வேலை கொடுக்கலாம்.

மாமியார் வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டார். புரட்டாசியில் முட்டையும் கிடையாது. வழி உண்டா?

உண்டு. சீனாவின் புத்த மடங்களில் சமைக்கும் சைவ உணவில் பூண்டும் வெங்காய வகையும் கிடையாது. இஞ்சி, மிளகு, வறுத்த எள் மூன்றையும் தூக்கலாக வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சியைத் துருவாமல் தீக்குச்சி போல நறுக்கி எண்ணெயில் முறுகவிட்டால் பூண்டு இல்லாத குறை பாதி தீரும். மீதிக்குக் காளான். அவர் காளானும் சேர்க்க மாட்டார் என்றால், முட்டைக்கோஸைச் சட்டியில் நன்றாக விளிம்பு கருகும்வரை விடுங்கள். அந்தக் கருகலில் ஒரு இனிப்பு வரும்.

செலரி கிடைக்கவில்லை. வெங்காயத்தாளும் எப்போதும் இருப்பதில்லை.

செலரிக்குப் பதில் கொத்தமல்லித் தண்டு, இலை வேண்டாம். வெங்காயத்தாள் தாராசுரம் காய்கறி மார்க்கெட், தஞ்சாவூர் காமராஜர் மார்க்கெட் மாதிரிப் பெரிய இடங்களில் பார்க்கலாம். இல்லையென்றால் முளைவிட்ட சின்ன வெங்காயத்தைத் தொட்டியில் ஊன்றுங்கள். சில வாரத்தில் தாள் நறுக்கலாம், நறுக்க நறுக்கத் துளிர்க்கும்.

இதெல்லாம் உண்மையிலேயே சீனச் சாப்பாடுதானா?

சீனர்கள் இந்தியாவில் உருவாக்கிய சாப்பாடு. கல்கத்தாவில் குடியேறிய சீனர்களிடம், குறிப்பாகத் தாங்ராவில் தோல் பதனிடும் தொழில் செய்த ஹக்கா மக்களிடம், நம் நாட்டு மிளகாயும் இஞ்சி பூண்டும் கலந்து இந்தச் சமையல் வளர்ந்தது. மஞ்சூரியனை 1975 வாக்கில் பம்பாய் கிரிக்கெட் கிளப்பில் சமையல்காரராக இருந்த நெல்சன் வாங் செய்தார் என்பார்கள். அவர் கல்கத்தாவில் பிறந்தவர். மஞ்சூரியாவில் போய்க் கேட்டால் தர மாட்டார்கள்.

டெல்டாவுக்கும் சீனாவுக்கும் உறவு அதைவிட ரொம்பப் பழசு. ராஜராஜ சோழன் அனுப்பிய தூதுக்குழு 1015-இல் சோங் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது. நாகப்பட்டினத்தில் சீன கோபுரம் என்று ஐரோப்பியர் அழைத்த ஒரு செங்கல் கட்டடம் 1867-இல் இடிக்கப்படும்வரை நின்றது. சோயா சாஸ் அந்தக் கப்பல்களில் வந்ததாக மட்டும் கதை கட்டிவிடாதீர்கள்.

பத்துப் பேர் வருகிறார்கள். ஒருவருக்கு ஒரு ஈடு என்றால் எப்படி?

ரைஸையும் நூடுல்ஸையும் சேர்த்து வைக்காதீர்கள், ஒன்று போதும். சாதம் முந்தின நாளே தயார். காயைத் தனியாக இரண்டு மூன்று ஈடாக வதக்கி வைத்துவிடலாம். அவர்கள் வந்த பிறகு சாதத்தை மட்டும் ஈடு ஈடாக வறுத்து, வதக்கிய காயைக் கலந்து பரிமாறுங்கள். மஞ்சூரியனை முதல் தடவை பொரித்து வைத்திருந்தால் இரண்டாவது பொரிப்பு பத்து நிமிஷ வேலை. முதலில் ஒரு ஸ்வீட் கார்ன் சூப் கொடுத்துவிட்டால் யாரும் சமையலறைப் பக்கம் வந்து அவசரப்படுத்த மாட்டார்கள்.

மீந்ததை என்ன செய்வது?

சாஸ் சேராத கோபி, சிக்கன் துண்டுகளை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் திருப்பித் திருப்பிச் சூடாக்கினால் மொறுமொறுப்பு ஓரளவு திரும்பும். சாஸில் புரட்டியது திரும்பாது, சப்பாத்திக்குள் வைத்துச் சுருட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். ஒருமுறை வறுத்த ரைஸை உடனே ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் மறுநாள் ஒரே ஒரு தடவை, ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடலாம். இரண்டாவது தடவை வேண்டாம்.